பேதுருவோட பதினஞ்சு நாள்

போன வருஷம் பெரிய வெள்ளி அன்னைக்கு மூணு மணி நேர ஆராதனை முடிஞ்சு வந்து, சாயங்காலம் மொட்டை மாடில நானும் எங்க அத்தை மகனும் உக்காந்திருந்தோம். அத்தானுக்கு என்னை விட ஆறு வயசு மூப்பு, சின்ன வயசுல ஓய்வுநாள் பாடசாலைல மனப்பாட வசனத்துக்கு எப்பவும் அவருக்குத்தான் முதல் பரிசு. இப்ப பத்து பன்னெண்டு வருஷமா கோயிலுக்கு போறதில்ல, அத்தைக்காக பெரிய வெள்ளிக்கு மட்டும் வந்து கடைசி பெஞ்சுல உக்காருவாரு. அன்னைக்கு இயேசு சிலுவைல கடைசியா சொன்ன ஏழாவது வார்த்தைய பத்தின பிரசங்கத்தை கேட்டுட்டு வந்த கையோட ஆரம்பிச்சாரு. "மாப்ள, இப்படி ஒரு ஆளு இருந்தாரான்னே தெரியல, நீங்க மூணு மணி நேரம் அழுதுட்டு வாறீங்க. மித்ரா, ஹோரஸ்னு பழைய சாமிங்க, பிளேட்டோ, ஸ்டோயிக்னு கிரேக்க தத்துவம், இப்படி அங்கங்க கிழிச்ச துணியெல்லாம் சேர்த்து தச்ச சட்டை இது. உனக்கு தெரியலியா?"

எனக்கு கோவம்தான் வந்துச்சு, பதில் வரல. ஏதோ சத்தமா பேசுனேன், அத்தை கீழ இருந்து கூப்பிட்டதும் ரெண்டு பேரும் எந்திரிச்சு போயிட்டோம். ஆனா அந்த கேள்வி என்னை விடல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கெடைச்ச நேரமெல்லாம் இதைத்தான் படிச்சேன், அத்தானோட போன்ல வாரா வாரம் சண்டையும் போட்டேன். படிக்க படிக்க ஒரு விஷயம் புரிஞ்சுது. அத்தான் கேட்டது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு கேள்வி. இது நடந்துச்சாங்கிறது ஒண்ணு. இந்த எண்ணமெல்லாம் எங்க இருந்து வந்துச்சுங்கிறது இன்னொண்ணு. சுவிசேஷம் எழுதுன யோவான் கிரேக்க தத்துவத்துல இருந்து ஒரு சொல்லை எடுத்தாருன்னு நிரூபிச்சா இயேசு பிறக்கலன்னு ஆயிடாது, அதே மாதிரி ரோம தேசாதிபதி பிலாத்து அவரை சிலுவைல அறைஞ்சது உண்மைன்னு நிரூபிச்சா அவரு தேவகுமாரன்னும் ஆயிடாது. பேசும்போது ரெண்டையும் குழப்பிக்கிறதாலதான் பாதி வாக்குவாதம் முடியவே மாட்டேங்குது.

முதல் கேள்விக்கு வாறேன். இயேசுவோட வாழ்க்கைய சொல்ற நாலு சுவிசேஷத்துல இருந்து நான் ஆரம்பிக்கல, ஏன்னா நாலுல மூத்ததுன்னு பெரும்பாலான அறிஞர்கள் சொல்ற மாற்கு சுவிசேஷமே கி.பி. 70 வாக்குல எழுதுனது, சிலுவை சம்பவம் நடந்து நாப்பது வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னாடி எழுதுனது, ஊர் ஊரா போய் சபைகளை தொடங்குன பவுலோட கடிதங்கள். பவுல் பேர்ல இருக்கிற கடிதங்கள்ல ஏழு அவரே எழுதுனதுன்னு விசுவாசி, நாத்திகர் ரெண்டு பக்க அறிஞர்களும் அநேகமா ஒத்துக்கிறாங்க, அதுல ஒண்ணு கலாத்தியர். அந்த கடிதத்துல பவுலுக்கு கோவம் தலைக்கேறி இருக்கு. நீ எருசலேம் ஆளுங்க கிட்ட கத்துக்கிட்ட ரெண்டாந்தர அப்போஸ்தலன்னு யாரோ சொல்லிருக்காங்க, அதுக்கு மறுப்பா தன்னோட போக்குவரத்து கணக்கை ஒப்பிக்கிறாரு. மூணு வருஷம் கழிச்சு எருசலேமுக்கு போனேன், இயேசுவோட சீஷர் பேதுருவோட பதினஞ்சு நாள் தங்குனேன், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை தவிர வேற அப்போஸ்தலர் யாரையும் பார்க்கலன்னு சொல்லிட்டு, நான் எழுதுறது பொய் இல்லன்னு தேவன் மேல ஆணை வைக்கிறாரு.

இந்த இடத்துல நான் ரொம்ப நாள் நின்னேன். பவுலுக்கு இது பெருமைக்குரிய விஷயமே இல்ல. தனக்கு அவங்களோட அதிகம் பழக்கம் இல்லைன்னு காட்டுறதுதான் அவரோட நோக்கம். போனதை மறைக்க முடியாததால, போனேன் ஆனா பதினஞ்சு நாள்தான், பார்த்தது ரெண்டே பேரைத்தான்னு குறைச்சு சொல்றாரு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் இயேசுவோட தம்பி. இல்லாத ஒரு ஆளுக்கு எருசலேம்ல ஒரு தம்பி எப்படி இருக்க முடியும்? இயேசு கற்பனைன்னு சொல்றவங்க இதுக்கு, 'கர்த்தருடைய சகோதரன்'ங்கிறது விசுவாசிகளுக்கெல்லாம் பொதுவான பட்டம்னு பதில் வச்சிருக்காங்க. அப்படின்னா பேதுரு மட்டும் ஏன் சகோதரன் இல்ல? அடுத்தடுத்த வசனத்துல ஒருத்தருக்கு பேரை மட்டும் போட்டு இன்னொருத்தருக்கு மட்டும் அந்த அடையாளத்தை ஏன் ஒட்டணும்?

அதோட நிக்கல. அடுத்த அதிகாரத்துல அந்தியோகியால ஒரு பந்தி தகராறு. பேதுரு யூதரல்லாதவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, யாக்கோபு கிட்ட இருந்து சில பேர் வந்ததும் பயந்து பந்திய விட்டு விலகிட்டாரு, நான் மூஞ்சிக்கு நேரா எதிர்த்தேன்னு பவுல் எழுதுறாரு. யாரு யாரோட உக்காந்து சாப்பிடலாம்ங்கிற சண்டை நம்ம ஊருக்காரங்களுக்கு விளக்கி சொல்ல வேண்டிய விஷயமே இல்ல. ஒரு மதத்தை திட்டம் போட்டு உக்காந்து கற்பனையா கட்டுறவங்க இந்த மாதிரி அசிங்கமான பங்காளி சண்டையை அஸ்திவாரத்துலயே வச்சு கட்ட மாட்டாங்க. யாக்கோபை பத்தி முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸும் தனியா எழுதுறாரு, ரோம தேசாதிபதி பெஸ்து செத்து புது தேசாதிபதி வந்து சேர்றதுக்குள்ள, கி.பி. 62ல, பிரதான ஆசாரியன் அனனஸ் 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு'வையும் வேற சிலரையும் கல்லெறிய ஒப்புக்கொடுத்தான், அதனாலயே அவன் பதவியும் போச்சுன்னு. ஜோசிபஸ் எழுதுன இன்னொரு பத்தில, இயேசுவ பத்தி நேரடியா வர்ற இடத்துல, பிற்கால கிறிஸ்தவர் யாரோ கை வச்சிருக்காங்க, அதுல சந்தேகமே வேண்டாம். 'இவரே கிறிஸ்து'ன்னு ஒரு யூதர் அப்படி எழுதிருக்க மாட்டாரு. அந்த பத்திய என் பக்கத்து சாட்சியா நான் இப்ப கூப்பிடுறதே இல்ல, யாக்கோபு வரி போதும்.

ரோமர் தரப்புல வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ். கி.பி. 64ல ரோம் எரிஞ்சப்ப நீரோ பழிய கிறிஸ்தவங்க மேல போட்டான்னு எழுதும்போது, திபேரியு ராயன் ஆட்சில பொந்தியு பிலாத்து தண்டிச்ச ஒருத்தர் பேர்லதான் இவங்களுக்கு பேரு வந்துச்சுன்னு போற போக்குல சொல்றாரு. அவருக்கு இவங்களை பிடிக்கவே பிடிக்காது, கேடான மூடநம்பிக்கைன்னுதான் எழுதுறாரு. பிலாத்தை மட்டும் 'புரோகுரேட்டர்'னு தன் காலத்து பதவிப் பேர்ல சொல்லிட்டாரு. 1961ல, இன்னைக்கு இஸ்ரேல்ல இருக்கிற செசரியா பட்டணத்து பழைய நாடக அரங்கத்துல, படிக்கல்லா திருப்பி போட்டிருந்த ஒரு கல்லுல பிலாத்தோட பேரு கிடைச்சுது, அதுல 'பிரிஃபெக்ட்'னு இருக்கு, அவரு காலத்து பதவிப் பேரு அதுதான். கலிலேயாவுல மீனவங்களும் தச்சனும் வாழ்ந்ததுக்கு கல்வெட்டு கேட்கிறவங்க, பத்து வருஷம் யூதேயாவையே ஆண்ட பிலாத்துக்கு கல்வெட்டுன்னு கிடைச்சதே இப்படி ஒரு உடைஞ்ச கல்லுதான்ங்கிறதையும் யோசிச்சு பார்க்கணும்.

அத்தான் சொன்னதுல சரியானதும் இருக்கு. லூக்கா சொல்ற குடிமதிப்பு, சிரேனியு சீரியாவுக்கு தேசாதிபதியா இருந்தப்ப நடந்ததுன்னு வருது. அந்த கணக்கெடுப்பு கி.பி. 6ல. ஆனா இயேசு பிறந்தது ஏரோது ராஜா காலத்துலன்னும் வருது, ஏரோது செத்தது கி.மு. 4ல. ஏரோது காலத்துலயும் பிறந்து அந்த குடிமதிப்புலயும் பிறக்க முடியாது. இதை சரிக்கட்ட எத்தனையோ விளக்கம் படிச்சேன், ஒண்ணுகூட என் மனசுக்கு ஒப்பல. லூக்கா தப்பா எழுதிட்டாருன்னு சொல்றதுதான் நேர்மை. இதை எங்க கோயில் வாலிபர் கூட்டத்துல சொன்னப்ப சில பேர் முகம் சுருங்குச்சு, ஆனா பிறந்த கதைல ஒரு தேதி தப்பா இருக்கிறதால இறந்த மனுஷன் இல்லாம போயிட மாட்டாரு.

மித்ரா, ஹோரஸ் விஷயத்துல நிறைய எழுத வேண்டியதில்ல. மித்ரா பாறைல இருந்து பிறந்தவரு, கன்னி கிட்ட இல்ல, ரோம் சாம்ராஜ்யத்துல அவரோட வழிபாட்டுக்கு ஆதாரம் கிடைக்கிறதே முதல் நூற்றாண்டு கடைசிலதான், பவுல் எழுதி முடிச்ச பிறகு. ஹோரஸுக்கு பன்னெண்டு சீஷர், சிலுவைங்கிறதெல்லாம் எகிப்து நூல் எதுலயும் கிடையாது. அந்த சாமிங்க பிறந்தநாளும் இயேசு பிறந்தநாளும் ஒண்ணுன்னு சொல்ற டிசம்பர் 25 பைபிள்லயே இல்ல. வாட்ஸ்அப் வீடியோல வர்ற பட்டியலை அத்தானும் இப்ப விட்டுட்டாரு.

தத்துவத்தை மட்டும் அவரு விடல, விடவும் கூடாது, ஏன்னா அங்கதான் விஷயம் உண்மைலயே ஆழமானது.

கிரேக்க நாட்டுல டெல்ஃபில ஒரு கல்வெட்டோட துண்டுகள் கிடைச்சுது, ரோம பேரரசர் கிளாவுதியு ராயன் எழுதுன கடிதம், அதுல 'என் நண்பன் கல்லியோன்'னு அகாயா தேசத்து அதிபதிய குறிப்பிடுறாரு. அதை வச்சு கல்லியோன் அங்க இருந்தது கி.பி. 51, 52 வாக்குலன்னு கணக்கு போடலாம். பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் 18வது அதிகாரத்துல கொரிந்து பட்டணத்துல பவுலை இழுத்துட்டு போய் நிறுத்துனது இதே கல்லியோன் முன்னாடிதான். பவுலோட வாழ்க்கைல மத்த தேதியெல்லாம் போடுறதுக்கு இந்த கல்லுதான் ஆணி மாதிரி. ஆனா எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது வேற ஒண்ணுல. கல்லியோன் யாருன்னா, ஸ்டோயிக் தத்துவவாதி செனெகாவோட கூடப்பிறந்த அண்ணன். ஆனந்தமான வாழ்க்கை எதுன்னு செனெகா ஒரு நூல் எழுதி இந்த அண்ணனுக்குத்தான் காணிக்கையாக்கிருக்காரு. பவுல் வாயைத் திறக்கப் போறாரு, அதுக்குள்ள கல்லியோன் இது உங்க வார்த்தையும் பேரும் வேதமும் பத்தின சண்டை, நீங்களே பார்த்துக்கங்கன்னு எல்லாரையும் துரத்தி விட்டுட்டாரு. பவுல் அன்னைக்கு என்ன பேசிருப்பாருன்னு நினைச்சு பார்க்காம என்னால அந்த அதிகாரத்தை இப்ப படிக்க முடியல. பிற்காலத்துல செனெகாவும் பவுலும் எழுதிக்கிட்டதா 14 கடிதங்களை யாரோ போலியா செஞ்சு உலவ விட்டதுக்கு காரணமும் இந்த ஏக்கம்தான்.

பவுல் பிறந்த தர்சு பட்டணம் ஸ்டோயிக்குகளுக்கு பேர் போன ஊரு, அகஸ்து ராயனுக்கு பாடம் சொன்ன அத்தெனதோரஸ் அந்த ஊர்க்காரரு. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்துல பவுல் பேசுறதா நடபடிகள்ல வர்ற பிரசங்கத்துல, 'நாம் அவருடைய சந்ததியார்'னு உங்க புலவரே பாடிருக்காங்கன்னு ஒரு வரி வருது. அது ஆராட்டஸ்ங்கிற கவிஞர் கிரேக்கங்களோட பெரிய தெய்வம் சேயுஸை பத்தி பாடுனது, அவரும் பவுல் ஊரு இருக்கிற அதே சிலிசியாக்காரரு. அதனால தத்துவம் அவங்களுக்கு தெரியாது, எல்லாம் வானத்துல இருந்து நேரா விழுந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க மூச்சு விட்ட காத்துலயே அது இருந்துச்சு.

ஆனா அந்த பிரசங்கம் எங்க முறிஞ்சு போகுதுன்னு பாருங்க. கடவுள் கையால கட்டுன கோயில்ல குடியிருக்கிறதில்ல, அவருக்கு நம்ம கையால எதுவும் தேவையில்ல, இதெல்லாம் சொல்ற வரைக்கும் ஸ்டோயிக்குகள் தலையாட்டிருப்பாங்க. மரிச்சவர் உயிரோட எழுந்தாருன்னு சொன்னதும் சில பேர் சிரிச்சுட்டாங்க. ஏன்னா கிரேக்கனுக்கு உடம்புங்கிறது கழட்டி போட வேண்டியது. அவங்க மொழில சோமான்னா உடல், சேமான்னா கல்லறை, ரெண்டையும் சேர்த்து ஒரு சொலவடையே இருந்துச்சு. செத்த பிறகு ஆத்மா விடுதலையாகும்னு சொல்லிருந்தா பவுலுக்கு அங்க மாலை போட்டிருப்பாங்க. உடம்போட எழும்புறதுங்கிறது யூதங்களோட நம்பிக்கை, அதுவும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுல அந்தியோகு ராஜாவோட கொடுமைல தானியேல் புத்தகத்துலயும், ஏழு பிள்ளைகளை பறிகொடுத்த தாயோட கதைலயும் தெளிவா வெளிய வர்றது. ராஜா வெட்டுன கையையும் நாக்கையும் கடவுள் திருப்பி தருவாருன்னு செத்துக்கிட்டு இருக்கிற பையன் சொல்றான். அது தத்துவம் யோசிச்சு வந்த நம்பிக்கை இல்ல, நியாயம் கேட்டு அழுத அழுகைல இருந்து வந்தது. இரண்டாம் நூற்றாண்டு கடைசில கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதுன செல்சஸ் பிளேட்டோவை கரைச்சு குடிச்சவரு, அவரு உயிர்த்தெழுதலை 'புழுக்களோட நம்பிக்கை'ன்னு அருவருப்பா எழுதுறாரு. பிளேட்டோல இருந்து தச்ச சட்டையா இருந்தா பிளேட்டோவோட சீஷனுக்கே அது ஏன் அவ்வளவு நாறணும்?

இப்ப லோகோஸ், கிரேக்கத்துல வார்த்தை, அறிவுன்னு அர்த்தம் வர்ற சொல்லு. இதுதான் அத்தானோட பிரம்மாஸ்திரம். எபேசு பட்டணத்து ஹெராக்ளிட்டஸ் எப்பவோ பேசுன சொல்லு, பிறகு ஸ்டோயிக்குகள் உலகத்தையே நடத்துற அறிவுக்கு வச்ச பேரு. இயேசு காலத்துலயே அலெக்சாந்திரியால வாழ்ந்த யூதர் பிலோ, கடவுளுக்கும் உலகத்துக்கும் நடுவுல நிக்கிறது லோகோஸ்னு சொல்லி, அதை 'முதற்பேறானவர்'னும் 'இரண்டாவது தெய்வம்'னும் எழுதிருக்காரு. யோவான் சுவிசேஷம் ஆரம்பிக்கிறதே அந்த சொல்லுலதான். அப்ப இது கிரேக்க சரக்குதானேன்னு அத்தான் கேட்டாரு.

நான் தமிழ் பைபிளை எடுத்து முதல் ரெண்டு வசனத்தை போன்ல வாசிச்சேன். "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது." அடுத்த வசனம், "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்." முதல் வசனத்துல 'இருந்தது', ரெண்டாவது வசனத்துல 'இருந்தார்'. கிரேக்கத்துல லோகோஸ் ஆண்பால் சொல்லு, அதனால அங்க இந்த தாண்டுதல் கண்ணுக்கு தெரியாம போயிடும். தமிழ்ல வார்த்தை அஃறிணை, மொழிபெயர்த்தவங்க எங்கயாவது ஒரு இடத்துல 'அது'வை விட்டு 'அவர்'க்கு தாண்டியே ஆகணும், மறைக்க வழி இல்ல. கத்தோலிக்கங்களோட திருவிவிலியம் 'வாக்கு'ன்னு போட்டிருக்கு, அவங்களும் ரெண்டாவது வசனத்துல 'வாக்கு என்னும் அவரே'ன்னு தாண்டிடுறாங்க. சின்ன வயசுல இருந்து நூறு தடவை வாசிச்ச வசனம் இது, அன்னைக்குத்தான் அந்த விகுதி என் கண்ணுல பட்டுச்சு. ஸ்டோயிக்கோட லோகோஸ் கடைசி வரைக்கும் அது. பிலோ அதை மகன்னு கூப்பிட்டாலும் அதுக்கு சதை வரும்னு சொல்லவே மாட்டாரு, அவரோட மொத்த கட்டுமானமே கடவுளை சதைல இருந்து தள்ளி வைக்கத்தான். யோவான் அதே சொல்லை எடுத்து, பதினாலாவது வசனத்துல 'அந்த வார்த்தை மாம்சமாகி'ன்னு எழுதுறாரு. சொல்லு கடன் வாங்குனது, சரி. சொன்ன விஷயத்தை கடன் கொடுத்தவன் காதுல வாங்கிருக்கவே மாட்டான்.

இன்னொரு சொல்லும் இருக்கு, கலாத்தியர்லயே. 'அப்பா, பிதாவே'ன்னு கூப்பிடத்தக்கதாக ஆவியை அனுப்பினார்னு வர்ற இடம். அந்த 'அப்பா' தமிழ் இல்ல, மூலத்துலயே 'அப்பா'ன்னுதான் இருக்கு, அது அரமேயிக். இன்னைக்கு துருக்கியா இருக்கிற இடத்துல கிரேக்கம் வாசிக்கிற சனங்களுக்கு கடிதம் எழுதுற பவுல், அவங்களுக்கு பேச்சுல இல்லாத ஒரு சொல்லை அப்படியே வச்சு, பக்கத்துல கிரேக்கத்துல அர்த்தமும் போடுறாரு. எதுக்கு? சபைல ஜெபம் பண்ணும்போது அந்த சொல்லை அப்படியே சொல்லி பழகிருக்காங்க, அதனாலதான். கலிலேயாவுல பேசுன பாஷை சபை சபையா தாண்டி அவ்வளவு தூரம் போயிருக்கு. கெத்செமனேல இயேசு ஜெபம் பண்ணும்போது மாற்கும் இதே சொல்லை வைக்கிறாரு. வேர் எங்க இருக்குன்னு தேடுறவங்க லோகோஸை மட்டும் தோண்டுனா போதாது, இதையும் தோண்டணும்.

அத்தானுக்கு நான் விட்டுக்கொடுத்த இடம் அதுக்கப்புறம் வர்ற காலம். இரண்டாம் நூற்றாண்டுல யுஸ்டின்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் ஒவ்வொரு தத்துவப் பள்ளியா ஏறி இறங்கி, பிளேட்டோ வழியா கிறிஸ்தவத்துக்கு வந்து, லோகோஸோட வாழ்ந்த சாக்ரடீஸும் ஹெராக்ளிட்டஸும் கூட கிறிஸ்தவங்கதான்னு எழுதுனாரு. கார்த்தேஜ்ல இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்னு கத்துனாரு, ஆனா ஆத்மாவை பத்தி அவரு எழுதுனதுல ஸ்டோயிக் வாடை அடிக்குது. 325ல சபைத் தலைவர்கள் கூடுன நிசேயா சங்கத்துல வேதத்துலயே இல்லாத ஒரு கிரேக்க தத்துவச் சொல்லை வச்சுத்தான், பிதாவோட ஒரே தன்மை உள்ளவர்னு நாம இன்னைக்கு சொல்ற விசுவாசப் பிரமாணத்துக்கு அஸ்திவாரம் போட்டாங்க. திருச்சபையோட கோட்பாடு நற்செய்தி மண்ணுல கிரேக்க மனசு கட்டுனதுன்னு ஜெர்மன் அறிஞர் ஹார்னாக் சொன்னாரே, கட்டிடத்தை பத்தி அது பெரும்பாலும் சரி. மண்ணை பத்தி இல்ல.

அந்த மண்ணு எப்படிப்பட்டதுன்னு எனக்கு காட்டுனது ஒரு சுவர்க்கிறுக்கல். ரோம்ல பாலத்தீன் மலைல, ராயனோட அரண்மனைப் பையன்கள் தங்குன கட்டிடத்துல, 1857ல கண்டுபிடிச்சாங்க. சுண்ணாம்பு பூச்சுல ஆணியால கீறுனது. சிலுவைல ஒரு ஆளு, கழுதைத் தலை, முதுகு நம்ம பக்கம். கீழ ஒரு பையன் கையை தூக்கி கும்பிடுறான். பக்கத்துல கோணல் மாணலா, எழுத்துப்பிழையோட, 'அலெக்சாமெனோஸ் கடவுளை கும்பிடுறான்'. கூட இருந்த பையன் எவனோ கேலி பண்ணி கீறிருக்கான். தச்சு மாட்டுன சட்டையா இருந்தா, தையக்காரன் இந்த அசிங்கத்தை முதல்ல வெட்டி எறிஞ்சிருப்பான். சிலுவை அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கிற சாவு, மரியாதைப்பட்டவங்க வாயில அந்த பேரே வராது. யூதருக்கு இடறல், கிரேக்கருக்கு பைத்தியம்னு பவுலே ஒத்துக்கிறாரு. அவங்க அதை சொன்னதுக்கு ஒரே காரணம் அது நடந்துச்சு, மறைக்க வழி இல்ல. அந்த கட்டிடத்துலயே இன்னொரு அறைல, வேற கையெழுத்துல, 'அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன்'னு கீறிருக்கு. யாரு எழுதுனாங்களோ, அந்த ரெண்டாவது கையெழுத்தை படத்துல பார்த்த ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கும் அத்தான் வந்திருந்தாரு, அதே கடைசி பெஞ்சு. சாயங்காலம் மாடிக்கு ஏறும்போதே சொல்லிட்டாரு, "யாக்கோபு விஷயத்துல நீ சொன்னது சரிதான் மாப்ள. ஆளு இருந்தாரு, சிலுவைல செத்தாரு. அதை இனிமே நான் மறுக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா அவரு எழுந்ததை ஐநூறு பேருக்கு மேல பார்த்தாங்க, அதுல பெரும்பாலானவங்க இன்னும் உசுரோட இருக்காங்கன்னு பவுல் எழுதுறாருல்ல கொரிந்தியர்ல. அதுல ஒருத்தர் எழுதுனதையாவது காட்டு"ன்னு கேட்டாரு.

அந்த ஐநூறு பேர்ல ஒருத்தர் எழுதுனதும் நம்ம கையில கிடையாது அத்தான்னு சொன்னேன். பவுலோட வார்த்தை மட்டும்தான் இருக்கு, நான் அதை நம்புறேன், நம்புறதை வரலாறுன்னு உங்க கிட்ட விக்க மாட்டேன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. அத்தை கீழ இருந்து சுக்கு காப்பி எடுத்துட்டு போகச் சொன்னாங்க, அவரே போய் ரெண்டு டம்ளர்ல எடுத்துட்டு வந்தாரு.